ஸ்வெட்டருடன் எடுத்த எடை

எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கான மாணவர் நல நெறிமுறையை எழுதியவன் நான். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, வட்டாரக் கல்வி அதிகாரியாக இருந்தபோது, அதை எழுதி முடித்தேன். பச்சை அட்டை, நாற்பது பக்கம், பதினான்கு பிரிவுகள். குடிநீர், மதிய உணவு, கழிப்பறை, இரும்புச்சத்து மாத்திரை, விளையாட்டு நேரம், எடையும் உயரமும் பார்க்கும் முறை என எதையும் விட்டுவைக்கவில்லை. குன்னூர்க் கடைவீதியில் என்னைக் கண்டால் குடையை மடக்கிக்கொண்டு வணங்கும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு. அந்த வணக்கத்தில் பாதி அந்தப் பச்சை அட்டைக்கு உரியது என்பதை நான் அறிவேன். அதை விரும்பினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒன்பதாம் பிரிவு எடை பார்ப்பது பற்றியது. குளிரிலும் மழையிலும் மாணவர்களை ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாமல் அப்படியே எடை பார்க்கலாம் என்று அதில் எழுதினேன். குளிரும் மழையும் இல்லாத மாதம் இந்த மலையில் எத்தனை? ஆகவே அது ஆண்டு முழுவதற்குமான விதியாகிவிட்டது.

அப்படி எழுத எனக்குக் காரணம் இருந்தது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு ஜனவரிக் காலையில், மைதானத்துப் புல்லில் உறைபனி கிடக்க, பிள்ளைகள் எடை பார்க்க வரிசையில் நின்றார்கள். எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். ஆசிரியை அதட்டிக் கழற்ற வைத்தார். உள்ளே சட்டையின் முதுகு முழுவதும் கிழிந்திருந்தது. வரிசை சிரித்தது. அவள் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எந்தப் பிள்ளையும் பலர் முன்னிலையில் அப்படி நிற்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

வரைவைப் படித்துப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஒருவர் மட்டும் மறுத்தார். அரவேணுவைச் சேர்ந்த படுகப் பெண்மணி அவர். சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தார். எவர் முகத்துக்காகவும் தம் சொல்லைக் குறைத்துக்கொள்ளாதவர்.

"சார், பிள்ளைங்க மானத்தைக் காப்பாத்தணும், சரிங்க. ஒரு ரூம்புக் கதவைச் சாத்திட்டு உள்ளே வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஸ்வெட்டருக்கு ஒரு கழிவு போடச் சொல்லுங்க. எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து நிறுக்கறப்பவே சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுட்டுத்தானே எழுதறாங்க?"

"சிஸ்டர், பிள்ளைகள் கொழுந்து மூட்டைகள் அல்ல" என்றேன்.

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. அவரும் சிரித்துவிட்டுத் தம் கோப்பை மூடி வைத்தார். அழகான வாக்கியத்துக்கு மறுமொழி சொல்வது கடினம். எனக்கு அந்தத் திறமை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள்.

சென்ற ஆண்டு, அந்த நெறிமுறை எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று மதிப்பிட்டுத் திருத்தங்கள் சொல்ல இருவர் குழு ஒன்றை அமைத்தார்கள். நான் ஒருவன், ஓய்வு பெற்றிருந்த அந்தச் செவிலியர் மற்றவர். தான் எழுதியதைத் தானே மதிப்பிடுவது முறையா என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளி பள்ளியாகப் போனோம். பதிவேடுகள் என் மனம் குளிரும்படி இருந்தன. ஜூன், அக்டோபர், ஜனவரி என ஆண்டுக்கு மூன்று முறை எடை. தொடர்ந்து இரண்டு முறை குறைந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எங்கும் குறைவு இல்லை. "நம் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சிஸ்டர்" என்று ஜீப்பில் சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பதிவேடு நல்லா இருக்குதுங்க சார்" என்றார்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவுக்கு நடுவில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு வரியில் செவிலியரின் விரல் நின்றது. ஒரு மாணவி, பதின்மூன்று வயது. மூன்று கட்டங்களிலும் முப்பத்துநாலு கிலோ. அதற்குப் பிறகு எண் இல்லை. சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தது.

தலைமையாசிரியர் விரைந்து சொன்னார்: "திடீர்னு வந்த நோய்ங்க சார். மார்ச்ல படுத்தா, ஏப்ரல்ல போயிட்டா. டி.பி.ன்னு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம், மூளை வரைக்கும் போயிருச்சுன்னு. நம்ம பக்கம் ஒரு குறையும் இல்லீங்க. எல்லாம் உங்க நெறிமுறைப்படிதான்."

"வளர்ற புள்ளைங்க சார்" என்றார் செவிலியர். "ஜூன்லயும் முப்பத்துநாலு, ஜனவரியிலயும் முப்பத்துநாலு. கல்லுங்களா, அப்படியே நிக்கறதுக்கு?"

"குறையவில்லையே, சிஸ்டர். குறைந்தால்தான் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி."

"விதி யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

வெளியே வந்தபோது படிக்கட்டருகே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கமிட்டி வருகிறது என்று கேள்விப்பட்டாராம். இறந்துபோன மாணவியின் தாய்.

"ஐயா, அந்தப் பச்சைப் புத்தகம் எழுதுன ஐயா நீங்கதானா?"

ஆம் என்றேன்.

"எம்புள்ள மெலிஞ்சுதான் இருந்துச்சுய்யா. அத நீங்க எழுதித் தரணும்."

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய பெற்றோருக்கு இங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் இறந்தபோது, பள்ளி கவனிக்கவில்லை என்று பேச்சு கிளம்பிவிடுமோ என அஞ்சிய தலைமையாசிரியர், துக்கத்துக்குப் போன இடத்தில் பதிவேட்டை விரித்துக் காட்டியிருக்கிறார்: ஜனவரி வரையில் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று. அந்தப் பேச்சு லயம் முழுவதும் பரவியது. பள்ளியில் நன்றாக இருந்த பிள்ளை வீட்டில் ஏன் செத்தது?

"எங்க நாத்தனா சேரம்பாடியில இருந்து வந்தா. பதினாறாம் நாளு, சின்னதோட பைய எடுத்து மாட்டுறா. 'பள்ளிக்கூடத்துல கொழுகொழுன்னு இருந்த புள்ளைய நீ பட்டினி போட்டுத் தின்னுட்ட. இதையும் உங்கிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றியாடி'ன்னு கேட்டா. லயத்துப் பெரியவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கலய்யா. சின்னது ஜீப்புல ஏறுறப்ப எம்மூஞ்சியப் பாக்கவே இல்ல. அதுவும் நம்பிருச்சு."

வரும் ஞாயிறன்று லயத்து மாரியம்மன் கோயிலில் கூடி, சின்ன மகள் யாரிடம் வளர்வது என்று முடிவு செய்யப் போகிறார்களாம். நாத்தனாரும் வருகிறாராம். படித்தவர்கள் கையால் ஒரு காகிதம் இருந்தால் போதும் என்றார்.

"மகள் மெலிவதைப் பார்த்தீர்கள் அல்லவா? ஏன் முன்பே மருத்துவரிடம் காட்டவில்லை?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"காட்டணும்னுதான்யா வந்தேன். மொதல்ல இங்கதான் வந்தேன். மாஸ்டரு எடை எழுதுற புத்தகத்தைத் தொறந்து பாத்து, 'எடை கொறையலம்மா, பயப்படாத, போ'ன்னாரு. படிச்சவங்க எழுத்துல இருக்கு. எங்கண்ணு பொய் சொல்லுதுன்னு நெனச்சுட்டேன்."

செவிலியர் மெதுவாகக் கேட்டார்: "எடை பாத்த அன்னைக்கு அவ என்ன போட்டிருந்தாம்மா?"

தாய் சரிவில் இறங்கி லயத்துக்குப் போனார். அரை மணி கழித்து உரச்சாக்குப் பை ஒன்றுடன் மேலேறி வந்தார். தலைமையாசிரியர் அறை மேசைமேல் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, மகள் உடுத்திய வரிசையிலேயே வைத்தார். ஊட்டி நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய கம்பளிச் சட்டை. அதன்மேல் அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர், கை மடிப்பு கலையாமல். அதன்மேல் பள்ளிச் சீருடை ஸ்வெட்டர். ஒரு மப்ளர். பாவாடைக்குள் போடும் இரண்டு கால்சட்டைகள்.

"ஜூன்ல ஒன்னுதான் போட்டுச்சு. தீவாளிக்கு முன்னாடி அப்பாவோடத எடுத்துக்கிச்சு. பொங்கலப்ப எல்லாம் போட்டும் குளுருதும்மா, குளுருதும்மான்னுச்சு."

செவிலியர் எடைக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் குவியலை அதன்மேல் வைத்தார். முள் நடுங்கி, மூன்று கிலோவுக்குச் சற்று முன்னால் நின்றது.

"மெலிய மெலியக் குளிரியிருக்குது" என்றார் செவிலியர், எவரையும் பார்க்காமல். "குளிரக் குளிர மேலே போட்டிருக்கா. முள்ளு அப்படியே நின்னிருக்குது."

தாய் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், குற்றம் சாட்டும் குரலில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டார்:

"எங்க கொழுந்துக்கே சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுத்தான் எழுதுறாங்கய்யா. புள்ளைக்குக் கழிக்க மாட்டாங்களா?"

செவிலியர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும்.

கடிதத்தை அங்கேயே எழுதித் தந்திருக்க முடியும். பையில் தாள் இருந்தது, பேனா இருந்தது. குழுவின் அறிக்கை முறைப்படி சமர்ப்பிக்கப்படும் முன் எதையும் தனியாக எழுதித் தருவது மரபன்று என்று விளக்கினேன். தாய் தலையசைத்தார். ஸ்வெட்டர்களைத் திரும்ப மடித்து, வந்த வரிசையிலேயே பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜீப் கோத்தகிரியை நெருங்கியபோது செவிலியர் சொன்னார்: "நாப்பது பக்கம் எழுதின கைங்க. நாலு வரிக்கு மரபு பாக்குது."

"அறிக்கையில் விரிவாகவே எழுதுவேன், சிஸ்டர்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயாங்க?"

நான் அஞ்சியது மரபு மீறலுக்கு அல்ல. பதிவேடு தவறு என்று எழுதினால் விதி தவறு என்று எழுதியதாகும். விதியை எழுதியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பத்துநான்கு ஆண்டுப் பணியில் என் பெயரோடு சேர்ந்து ஒரு குறைச்சொல் எழுந்ததில்லை. அதைக் காகிதத்தில் என் கையாலேயே தொடங்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாயின் பெயர் ஒரு லயம் முழுவதும் கெட்டுக் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அப்போது நான் துணியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து வரைவுகள் எழுதினேன். 'காலநிலை சார்ந்த உடைகளின் காரணமாக அளவீடுகளில் சிறு வேறுபாடுகள் நேர வாய்ப்புண்டு' என்று ஒன்று. 'நடைமுறைப்படுத்துவதில் காணப்படும் சில இடைவெளிகள்' என்று மற்றொன்று. ஒவ்வொன்றும் பிழையற்ற வாக்கியம். மனைவி காபியை வைத்துவிட்டு, கீழே கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாருக்கு எழுதறீங்க, இத்தனை கிழிச்சு?"

"அலுவலகத்துக்கு."

"அலுவலகத்துக்கு எழுதி நீங்க கிழிச்சு நான் பாத்ததே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. குன்னூரில் வீட்டிலேயே இருந்தேன். மறுநாள் காலை செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். அவர் மட்டும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். தம் கைப்பட ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துமிருக்கிறார்.

"வாங்கிப் பாத்தாங்க சார். 'நர்சம்மா, நீங்க ரிட்டயர்டு. புத்தகம் எழுதின ஐயா கையெழுத்து எங்கே? அவரும் நேர்ல வந்து பாத்தாரில்ல? தப்புன்னா அவரே எழுதியிருப்பாரே'ன்னு நாத்தனா கேட்டா."

பேச்சு அத்துடன் முடிந்திருக்கிறது. சின்ன மகள் அத்தையிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு. நாத்தனார் குடும்பம் பனியன் வேலைக்காகத் திருப்பூர் போகவும் முடிவாகியிருந்தது. அதே வாரத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு குழந்தையையும் அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

எங்கள் அறிக்கை ஐந்து வாரங்கள் கழித்துச் சமர்ப்பிக்கப்பட்டது. அதன் பிறகு, மரபுப்படி, தாய்க்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு செவிலியருடன் தோட்டத்துக்குப் போனேன். நண்பகல் நிறுவை நேரம். கொட்டகையில் பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு மூட்டையையும் தொங்கு தராசில் மாட்டி, முள்ளைப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து உரக்கச் சொல்லி எழுதினார்.

"ரெண்டு கிலோ கழிக்கிறியே, மழையவா நான் பறிச்சேன்?" என்று ஒரு பெண் வம்புக்கு நின்றாள்.

"உன் வாயையும் கழிச்சாத்தான் சரியா வரும், போ" என்றார் மேற்பார்வையாளர். வரிசை சிரித்தது.

தாய் மட்டும் சிரிக்கவில்லை. எங்களைக் கண்டு வெளியே வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனாலும் நீங்களே வாசித்துவிடுங்கள் என்றார். வாசித்தேன். முத்திரையும் கையெழுத்தும் கொண்ட அந்தக் கடிதத்தில் 'தங்கள் புதல்வியின் உடல்நிலை குறித்த பள்ளிப் பதிவுகள் முழுமையானவை எனக் கொள்ள இயலாது என்பதைக் குழு கருத்தில் கொண்டுள்ளது' என்று இருந்தது. அவர் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குய்யா" என்றார். பிறகு, "இதுல எங்கய்யா இருக்கு, எம்புள்ள மெலிஞ்சு இருந்துச்சுன்னு?"

நான் கடிதத்தை மீண்டும் பார்த்தேன். அது அதில் இல்லை.

கொட்டகைத் திண்டின்மேல் தாளைத் திருப்பாமல், முத்திரைக்கும் கீழே மிஞ்சியிருந்த இடத்தில் கையால் எழுதினேன். உங்கள் மகள் மெலிந்துதான் இருந்தாள். நீங்கள் பார்த்ததே சரி. ஸ்வெட்டர்களைச் சேர்த்து எடை பார்த்ததால் பதிவேடு தவறாகிவிட்டது. அப்படிப் பார்க்கலாம் என்று விதி எழுதியவன் நான். வேண்டாம் என்று சொன்னவரின் பேச்சையும் நான் கேட்கவில்லை. ஐந்தே வாக்கியங்கள்; எழுத்து கோணியிருந்தது. அப்படி ஓர் எழுத்தை அதுவரை நான் எவருக்கும் தந்ததில்லை.

அவர் அதைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். அழவில்லை. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு, "அந்த ஞாயித்துக்கிழமை இது இருந்திருந்தா" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. வரிசையில் அவர் மூட்டையின் முறை வந்துவிட்டது.

ஒன்பதாம் பிரிவு திருத்தப்பட்டது. சாத்திய அறை, பள்ளியே தரும் பருத்திச் சட்டை, ஒரு பெண் ஆசிரியை, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. எடை குறைந்தாலும், கூடாமல் நின்றாலும் மருத்துவர். வாசகம் செவிலியருடையது, நான் சந்திப்பிழை மட்டுமே பார்த்தேன். முதல் எடையெடுப்பு முடிந்ததும் இப்போதைய அதிகாரி என்னை அழைத்தார். குரலில் கலக்கம்.

"ஐயா, உங்க திருத்தத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலயும் பிள்ளைங்க மெலிஞ்சுட்டதா வருதுங்களே. மேலே கேட்டா என்னன்னு சொல்றது?"

"முன்பும் மெலிந்துதான் இருந்தார்கள் என்று சொல்லுங்கள்" என்றேன்.

தாய் அந்தத் தாளோடு பொங்கல் விடுமுறைக்குத் திருப்பூர் போய் வந்தாராம். நாத்தனார் படித்துவிட்டு ஆண்டின் நடுவில் பள்ளி மாற்ற வேண்டாம், பிள்ளையும் இங்கே பழகிவிட்டது, பார்க்கலாம் என்றாராம். மே மாதம் சின்னவள் பத்து நாள் தாயிடம் வந்து தங்கினாள். பதினோராம் நாள் அத்தை வந்து அழைத்துப் போனார். அடுத்த ஆண்டு பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் செவிலியர் வழியாகத்தான் அறிந்தேன். அந்தப் பத்து நாளில் ஒரு நாள், தாய் சின்னவளைக் கொழுந்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனாராம். மலையில் அன்று மூடுபனி. இருந்தும் மகளின் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தராசின் கொக்கியைப் பிடித்துத் தொங்கச் சொல்லி எடை பார்த்தார். எண்ணை எழுதித் தரும்படி மேற்பார்வையாளரைக் கேட்டபோது, வேறு தாள் இல்லாததால், உறையிலிருந்து என் கடிதத்தை எடுத்து அதன் பின்பக்கத்தை நீட்டினாராம். பென்சிலில் இருபத்தாறு கிலோ என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை வரும்போது எழுதுவதற்காக, அதன் கீழே தாயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறார் என்று செவிலியர் சொன்னார். இன்றுவரை அந்தக் கோட்டின்மேல் எண் எதுவும் எழுதப்படவில்லை.